நூற்றுக்கு நூறு காதுகள்

டிரம் சுற்றும்போது அதன் கதவுக்கு நேரே நிற்கக் கூடாது. கொக்கி கழன்றுகொண்டால் உள்ளே இருக்கும் ஆணியெல்லாம் முகத்தில் வந்து இறங்கும். அதனால் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் தழும்பு என்பவள் எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்பாள். இடது காது டிரம்மின் பக்கம், வலது காது சுவரின் பக்கம்.

ஆணி பிறக்கும்போதே பளபளப்பாகப் பிறப்பதில்லை. சுருளிலிருந்து வரும் கம்பியை மெஷினின் உருளைகள் முதலில் நிமிர்த்தும். இரண்டு தாடைகள் அதைக் கவ்விக்கொள்ள, ஒரு சுத்தி வந்து நுனியில் அடிக்கும். அது தலை. அடுத்து இரண்டு பக்கமிருந்தும் கத்திகள் நெருங்கிக் கிள்ளும். அது கூர். இமை மூடித் திறப்பதற்குள் நாலைந்து ஆணிகள் தொட்டியில் விழுந்திருக்கும். எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு, கிள்ளிய இடத்தில் பிசிறு. அவற்றை மரத்தூளோடு சேர்த்து இரும்பு டிரம்மில் போட்டு உருட்டுவார்கள். ஆணியோடு ஆணி உரசிப் பிசிறு உதிரும், தூள் எண்ணெயைக் குடிக்கும், கடைக்காரன் உள்ளங்கையில் அள்ளிக் காட்டும் மினுமினுப்பு வரும். இரும்புக்குள் இரும்பு உருளும் வேலை அது. மற்ற மெஷின்களெல்லாம் சேர்ந்து போடும் சத்தத்தை டிரம் தனியாளாகப் போடும்.

அந்த ஷெட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது என்பதால், ஆளுக்கொரு கைச்சாடை வைத்திருந்தார்கள். மோவாயில் விரலால் ஒரு கோடு இழுத்தால் தழும்பு. தலைக்கு மேலே கையை உயர்த்தினால் நெட்டை. உச்சந்தலையைத் தடவினால் சூப்பர்வைசர் சொட்டை. சாடை நாளடைவில் பெயராகி, வெளியே டீக்கடையிலும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பெயரைக் கூப்பிட்டால் சிலர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டு மணிக்கு மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டிரம் கடைசியாக இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றது. தழும்புக்கு அப்போதுதான் அது ஆரம்பித்தது.

ஊசிமுனையால் கண்ணாடியைக் கீறுவதுபோல, இடைவெளியே இல்லாமல், இரண்டு காதுக்கும் நடுவில் ஒரு கீச்சொலி. டிரம் சுற்றும்வரை அது தெரியாது. உலகம் அமைதியானால் தெரியும். கோயில், குளியலறை, தூங்கும் பிள்ளையின் பக்கம் என்று மனுஷிக்கு நிம்மதி கிடைக்கும் இடமெல்லாம் அவளுக்கு எமனாகிவிட்டன.

"சாப்பிடலையா?" என்று நெட்டை வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டாள். மெஷின் நின்ற பிறகும் அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

"சங்கு ஊத ஆரம்பிச்சிடுச்சு."

"செவிடன் காதுல ஊதுன சங்குன்னு சொல்லுவாங்க. ஊதுனவன் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். இன்னும் உன் காதுலதான் நின்னு ஊதிக்கிட்டிருக்கானா?" என்று நெட்டை தோளில் இடித்தாள். "எனக்கும் இருக்குடி. ஆனா எனக்கு வண்டு மாதிரி. உனக்குத்தான் கச்சேரி."

தழும்பு சிரிக்கவில்லை. ஷெட்டின் கோடியில் சொட்டையின் கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைக் கண்ணாடி, கதவின் விளிம்பில் தடித்த ரப்பர். அந்தக் கதவை அவர் மூடினால் ஷெட்டே ஊமைப் படம் ஆகிவிடும் என்று சொல்வார்கள்.

வைத்தியத்துக்கு அவள் குறை வைக்கவில்லை. வெதுவெதுப்பான எண்ணெய் விட்டாள். அழுக்கு ஊறிச் செவி இன்னும் அடைத்தது. ஒருவன் காதில் குழாய் வைத்துப் பஞ்சைக் கொளுத்தி, உள்ளிருந்து வந்ததென்று மெழுகைக் காட்டினான். நரம்புக்குச் சத்து என்று சிவப்பு மாத்திரை, ரத்த ஓட்டத்துக்கு என்று மஞ்சள் மாத்திரை. "முழுக் கோர்ஸ் முடிச்சாத்தான் தெரியும்மா" என்றார்கள். முடித்தாள். தெரிந்தது சிறுநீரின் நிறம் மாறியது மட்டும்தான்.

அவள் கண்டுபிடித்த ஒரே மருந்து வீட்டிலேயே இருந்தது. கணவன் தையல்காரன். அவன் மெஷினை மிதித்தால் அந்தக் கடகடப்பில் கீச்சொலி கொஞ்சம் கரையும். அவள் படுத்ததும், தைக்கத் துணி இல்லாத நாளிலும் அவன் நூலைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினை மிதிப்பான்.

"தூங்கிட்டியா?" என்பான் நடுவில்.

"நீ கேட்டா எப்படித் தூங்குறது? மிதி."

"ஊருல பொண்டாட்டிக்குத் தாலாட்டுப் பாடுறான். நான் தாலாட்டுத் தைக்கிறேன்."

அவன் முழங்கால் வீங்கத் தொடங்கியபோதுதான் அவள் லீவு போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காது டாக்டர் இளம்பெண். அவசரப்படாமல் கேட்டாள். "எப்ப இருந்தும்மா இருக்கு?"

"நின்னாத்தானே டாக்டர், எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியும்?"

டாக்டர் காகிதத்தில் ஒரு நத்தைக்கூட்டை வரைந்தாள். "காதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கு. உள்ள பூரா பொடிப்பொடியா மயிரிழை. சத்தம் வந்தா அது ஆடும். ஆடுனா நரம்பு மூளைக்குச் சொல்லும். கீச்சுச் சத்தத்துக்கு உண்டான மயிரெல்லாம் வாசல்லயே நிக்குது. எந்தச் சத்தம் உள்ள போனாலும் அதை மிதிச்சுக்கிட்டுத்தான் போகணும். அதனால அதுதான் முதல்ல சாகும். செத்தது மறுபடி மொளைக்காது."

"செத்ததுன்னா சும்மா கெடக்கணும்ல? ஏன் கத்துது?"

"அது கத்தல. ரேடியோவுல ஸ்டேஷன் போயிடுச்சுன்னா என்ன செய்வீங்க? சத்தத்தைக் கூட்டுவீங்க. வெறும் இரைச்சல்தான் வரும். உங்க மூளை அதைத்தான் செய்யுது. வராத சத்தத்தைத் தேடித் திருகிக்கிட்டே இருக்கு."

தழும்பு அந்த நத்தைக்கூட்டையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. வியாதி குணமானதுபோல ஒரு கணம் இருந்தது.

"இதை நிறுத்துற மாத்திரை கெடையாதும்மா. இருக்குன்னு விக்கிறவன் பொய் சொல்றான். ஆனா காதுல மாட்டுற மெஷின் ஒண்ணு இருக்கு. போன சத்தத்தைத் திரும்ப எடுத்துக் குடுக்கும். கூடவே மழை பேயுற மாதிரி லேசா ஒரு இரைச்சல் விடும். மூளைக்குக் கேக்க வேற ஏதாவது கெடைச்சா இதைத் தேடுறதைக் கொஞ்சங்கொஞ்சமா விட்டுடும். முழுசாப் போகாது. ஒரு மூலையில அது பாட்டுக்குக் கெடக்கும். மொத வேலையா நீங்க அந்த டிரம்மை விட்டு வரணும்."

"மெஷினை நீங்க குடுப்பீங்களா?"

"இங்க குடுக்க வழியில்ல. வேலையால வந்ததுன்னா கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் குடுக்கணும். உங்களை வேற வேலைக்கும் மாத்தணும். சட்டமே இருக்கு. வருஷா வருஷம் கம்பெனியில காது டெஸ்ட் எடுப்பாங்களே, அதுல காது படிப்படியா எறங்கியிருக்கும். அது போதும்."

தழும்பு மோவாயைத் தடவிக்கொண்டாள்.

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கோடு. எல்லாம் மேலே, நூல் பிடித்ததுபோல.

"பச்சைக் கொழந்தைக்குக்கூட இப்படிக் காது இருக்காதும்மா. போன வருஷம்கூட நூத்துக்கு நூறு. இப்ப திடீர்னு சத்தம் கேக்குதுன்னா, அது வேலையால வந்ததுன்னு நான் எப்படி எழுதுறது? வயசு இருக்கு, கவலை இருக்கு. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

டெஸ்ட் எடுக்கிற முறையைச் சொன்னால்தான் அந்தக் கோடுகள் புரியும். முதலுதவி அறையில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு ஸ்டூல், ஹெட்போன், கையில் அமுக்கப் பொத்தான். கூண்டுக்குச் சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே டெஸ்ட்காரம்மா தன் கருவியோடு இவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு பட்டனைத் தட்டினால் ஹெட்போனில் ஒரு சத்தம் வரும். கேட்டால் இவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவாள். எங்கே அமுக்காமல் விடுகிறார்களோ அதுவரைதான் அந்தக் காது.

டெஸ்ட்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பீரோ இருந்தது. கதவில் ஆளுயரக் கண்ணாடி. கருவியின் முகம் அந்தக் கண்ணாடியில் தெரியும். சத்தம் அனுப்பும்போதெல்லாம் அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் சொட்டை. அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷமே, அண்ணன் தங்கைக்குச் சொல்வதுபோலத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தங்கச்சி, காதை நம்பாதே, கண்ணை நம்பு. வெளக்கு மின்னுனா அமுக்கு. ஃபெயிலானா அன்னிக்கே கணக்கு முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவான். செவிடிக்கு மெஷின்கிட்ட என்ன வேலைன்னு கேப்பான்." ஷெட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னார். எல்லோரும் அவருக்கு நன்றியோடு இருந்தார்கள். அவர் முன்பு ஆணி மெஷினில் நின்றவர், தங்கள் ஆள்.

அவள் ஒருநாளும் காதால் டெஸ்ட் எழுதியதில்லை. எல்லா வருஷமும் கண்ணால்தான் எழுதினாள்.

மேனேஜர் அறையிலிருந்து நேரே சொட்டையின் கண்ணாடி அறைக்குப் போனாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ரப்பர் கவ்வியது. ஷெட் ஊமையானது. அந்த அமைதியில் கீச்சொலி எழும்பி அவள் மண்டையை நிரப்பியது.

"அண்ணே, நீங்க மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லணும். கண்ணாடியைப் பாத்துத்தான் அமுக்குனோம்னு ஒரு வார்த்தை."

சொட்டை நாற்காலியில் சாய்ந்தார். "என்ன தங்கச்சி நீ. நான் சொன்னா என் பொழப்பு என்ன ஆகறது?"

"எங்களைக் காப்பாத்தத்தானே சொல்லிக் குடுத்தீங்க?"

"காப்பாத்தத்தான். ஷெட்டு நூத்துக்கு நூறு எடுத்தா சத்தம் குறைய மெஷினுக்கெல்லாம் மூடி போடுன்னு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேக்க மாட்டாரு. மூடி போட்டா சுருள் மாத்த நேரம் ஆகும். கம்பெனிக்கு நஷ்டம். கம்பெனிக்கு நஷ்டம்னா உனக்கும் நஷ்டம்தானே?" சொல்லிவிட்டுத் தன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வையில் அவளுக்குப் புரிந்துபோனது. ஷெட் முதல்முதலாக நூற்றுக்கு நூறு எடுத்த வருஷம்தான் இந்த அறையைக் கட்டினார்கள்.

"இந்தக் கதவு எங்க காதை வித்து வாங்குனதா?"

அவர் முகம் மாறியது. "மரியாதையாப் பேசு. கண்ணாடியைப் பாத்தது யாரு? அமுக்குனது யாரு? நான் வந்து உன் விரலைப் புடிச்சு அமுக்குனேனா?"

அவள் கதவைத் திறந்தாள். சத்தம் வெள்ளம்போல உள்ளே பாய்ந்தது. அவர் அவசரமாகக் கதவை இழுத்துச் சாத்தியதை அவள் திரும்பி நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு கீச்சொலிக்கு ஒரு முகம் வந்துவிட்டது. முன்பு அது வெறும் சத்தம். யாரைத் திட்டுவது என்று தெரியாது. இப்போது காதில் கத்தும்போதெல்லாம் அந்த வழுக்கை மண்டை தெரிந்தது. ஆணியை அள்ளும்போதும், தூளைச் சலிக்கும்போதும், சோற்றைப் பிசையும்போதும் பல்லைக் கடித்துக் கறுவினாள். கணவன் வெறும் மெஷினை மிதிக்கும்போது, "அவன் மூஞ்சியை நான் பாக்கணும்" என்றாள் இருட்டைப் பார்த்து.

"யார் மூஞ்சியை?"

"மிதி நீ."

வருஷ டெஸ்ட் நெருங்கியது. கைகழுவும் தொட்டியருகே, தண்ணீர் விழும் சத்தத்தில், அவள் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னாள். இந்த வருஷம் யாரும் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. கேட்டால் அமுக்கு, கேட்காவிட்டால் சும்மா இரு.

"வீட்டுக்கு அனுப்பிட்டா?" என்றான் ஒரு மெஷின்காரன்.

"ஒருத்தன் செவிடுன்னா அனுப்புவான். ஷெட்டே செவிடுன்னா? ஆணியை மேனேஜர் பொண்டாட்டியா வந்து அடிப்பா?"

சிரித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். நெட்டை மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"நான் பாப்பேன்டி. என் வீட்டுக்காரன் படுத்த படுக்கையா இருக்கான். எனக்கு இந்த வேலை போனா அடுத்த வேளை இல்ல. நீ உன் வழக்கை நடத்து. என்னைய விட்டுடு."

"நீ ஒருத்தி நூத்துக்கு நூறு வாங்கிட்டா நாங்கல்லாம் பொய்யின்னு ஆயிடும்."

"ஆகட்டும். நான் அமுக்குவேன்."

தழும்பு வாக்குவாதம் செய்யவில்லை. "சரி" என்றாள். தலையாட்டியவர்களின் முகங்களையும் ஒருமுறை பார்த்தாள். கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்ததும் பயம் வரும், கண் தானாகக் கண்ணாடிக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கே போகும்.

டெஸ்ட் அன்று வரிசையில் முதல் ஆளாக நின்றாள். டிரம்காரர்கள் மாட்டும் கனத்த தோல் மேலாடை கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கியது. "இதைக் கழட்டிட்டு உக்காரும்மா, உரசுற சத்தம் டெஸ்டுக்கு இடைஞ்சலா இருக்கும்" என்றாள் டெஸ்ட்காரம்மா. கழற்றினாள். மாட்ட இடம் தேடுவதுபோல அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பீரோவின் மேல்விளிம்பில் அதைப் போட்டாள். தோல் விரிந்து இறங்கிக் கண்ணாடியை மூடியது. டெஸ்ட்காரம்மா கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கூண்டின் கதவு மூடியது.

அவ்வளவு அமைதியை அவள் அதுவரை தனியாகச் சந்தித்ததில்லை. முன்பெல்லாம் துணைக்கு அந்தச் சிவப்பு விளக்கு இருந்தது. ஹெட்போனுக்குள் கீச்சொலி பெருகியது. அடித்தொண்டைச் சத்தம் வந்தது, அமுக்கினாள். நடுத்தரமாக ஒன்று, அமுக்கினாள். பிறகு ஒன்றுமில்லை. அல்லது வந்ததோ? டெஸ்ட்காரம்மா அனுப்பும் மெல்லிய கீச்சும் தன் தலைக்குள் இருக்கும் கீச்சும் ஒரே நிறம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலைத் தேடுவதுபோல இருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தன் மேலாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது மேலாடையை எடுத்துக்கொள்ளவில்லை. "டெஸ்ட் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

ஆட்கள் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். போகும்போது நிமிர்ந்து போனவர்கள் வரும்போது வெளிறி வந்தார்கள். நெட்டை வெளியே வந்து சுவரோடு நின்றாள். தழும்பின் பக்கம் திரும்பவில்லை.

டெஸ்ட்காரம்மா பாதியில் எழுந்து, கருவியின் ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் சொட்டையைக் கூப்பிட்டார்.

"மெஷின் ரிப்பேரா இருக்கும் சார்" என்றார் சொட்டை.

"எனக்கு நல்லாக் கேக்குது" என்றாள் டெஸ்ட்காரம்மா.

"அப்ப நீங்க உக்காருங்க" என்றார் மேனேஜர் சொட்டையிடம். "உங்க காது நல்லாத்தானே இருக்கு? பாத்துடுவோம், கோளாறு மெஷின்லயா, ஆளுங்கள்லயான்னு."

சொட்டை கூண்டுக்குள் போனார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தழும்பு முட்டித் தள்ளிக்கொண்டு ஜன்னல் தெரியும் இடத்துக்கு வந்தாள். ஹெட்போன் மாட்டிய வழுக்கைத் தலை. பொத்தானைப் பிடித்த கை. அவர் கண்கள் பழக்கப்படி டெஸ்ட்காரம்மாவின் தோளுக்கு மேலே போயின. அங்கே தோல் தொங்கியது. கருகிய எண்ணெய்க் கறையும் மரத்தூளுமாக, யாருடையது என்று கேட்கத் தேவையில்லாத தோல்.

அவர் பார்வை நகர்ந்து கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்தது. அவள் காத்திருந்தாள். உள்ளங்கையால் தன் உச்சந்தலையைத் தடவினாள். பிறகு மோவாயில் நிதானமாக ஒரு கோடு இழுத்தாள்.

சொட்டை பொத்தானைக் கண்டபடி அமுக்கத் தொடங்கினார். அனுப்பாத சத்தத்துக்கு அமுக்கினார். அனுப்பிய சத்தத்துக்குச் சும்மா இருந்தார். வழுக்கையில் வியர்வை துளித்துளியாகத் திரண்டு, ஹெட்போன் பட்டைக்கு அடியில் இறங்கியது. டெஸ்ட்காரம்மா தலையசைத்தபடி கோட்டைக் கீழே, இன்னும் கீழே இறக்கிக்கொண்டே போனாள். அந்த ஷெட்டில் எல்லோரையும்விட மோசமான காது அவருடையதாக இருந்தது. தழும்புக்குக் காதில் கீச்சொலி கத்திக்கொண்டிருந்ததுதான். ஆனால் அந்த நேரம் முழுக்க அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஷெட்டே செவிடென்றால் யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்று அவள் சொன்னது பொய்த்தது. மறுநாள் காலை ஷெட் ஆட்கள் எல்லோரையும் கேட்டிலேயே நிறுத்தினார்கள். காது தேறினால் வரலாம். தேறியதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் என்றார் மேனேஜர். இன்ஷூரன்ஸ்காரன் இன்னும் சுருக்கமாகச் சொன்னான்: ஒரே நாளில் ஒரு ஷெட் மொத்தமும் செவிடாகாது, இது பேசிவைத்துச் செய்த வேலை. சூப்பர்வைசரையும் வெளியே அனுப்பினார்கள். ஆணியை மேனேஜர் பெண்டாட்டி வந்து அடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே புதிதாக ஒரு வரிசை, வேலை கேட்டு, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

நெட்டை அவளைத் தெருவில் மறித்தாள்.

"என் கண்ணையும் சேத்து மறைச்சுட்டியேடி."

"அவனும் வெளிய வந்துட்டான்ல?"

"பழி வாங்குறதுன்னா உன் கையால வாங்கு. என் வயித்தால வாங்காதே." சொல்லிவிட்டு நெட்டை காறித் துப்பினாள். அவள் மேல் படவில்லை. காலடியில் விழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவின் பெஞ்சு முழுக்க ஆணி ஷெட்டின் ஆட்கள். சர்டிபிகேட்டுக்கு வந்தவர்கள். டாக்டர் யாருக்கும் காது தேறியதென்று எழுதவில்லை. எழுதவும் முடியாது. அதற்குப் பதிலாக, ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஒரு காது மெஷினை, மாட்டிப் பார்க்கட்டும் என்று நர்சிடம் கொடுத்திருந்தாள்.

"ஆளுக்குக் கொஞ்ச நேரம்" என்றாள் நர்ஸ். "பேட்டரி இதுல மீதி இருக்கிறது அவ்வளவுதான். புதுசு எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது. சீக்கிரம் சீக்கிரம் மாத்தி விடுங்க."

பெஞ்சில் தழும்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து சொட்டை. நெட்டை கதவோரம் கடைசியில்.

நர்ஸ் அவரைக்கொட்டை அளவு மெஷினைப் பஞ்சால் துடைத்துத் தழும்பின் இடது காதில் வைத்தாள். ஒரு கிளிக். பிறகு மழை.

ஓட்டின் மேல் விழும் மழை அல்ல. தூரத்தில், யார் வீட்டு மரத்திலோ பெய்யும் மழை. கீச்சொலி அதற்குள் முங்கியது, ஒருமுறை மேலே வந்தது, மறுபடி முங்கியது. அவள் மூச்சை விட்டாள். மின்விசிறியின் இறக்கை ஒன்று தட்டுவது கேட்டது. நர்ஸின் வளையல் கேட்டது. காகிதம் புரள்வதற்கு ஒரு சத்தம் உண்டு என்பது நினைவு வந்தது. தன் சேலை முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தாள், அதுவும் பேசியது.

"போதும்மா, அடுத்தவருக்குக் குடுங்க."

சொட்டை எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். உள்ளங்கையை நீட்டினார். "தங்கச்சி" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் குரலை அவள் முழுதாகக் கேட்டது அப்போதுதான். அவள் நினைத்திருந்ததைவிட மெலிந்த குரல். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது.

"குடும்மா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. ரெண்டு காதும் கொதிக்குது. ஒரே ஒரு நிமிஷம் வெச்சுப் பாத்துட்டுத் தரேன்."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அவள் காதின் மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அம்மா, பேட்டரி போயிடும்மா!"

அதுவும் கேட்டது. பெஞ்சில் ஒருவர் முணுமுணுத்ததும், அவருக்குப் பின்னால் ஒருவர் திட்டியதும், கதவோரம் நெட்டை இருமியதும் கேட்டன. அவள் அசையவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. கணவனின் மெஷின் இல்லாமல், யாருடைய முழங்காலும் வீங்காமல், தானாகப் பெய்தது. நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஆணித் தொட்டியைத் தூக்கிப் பழகிய கை அது. நர்ஸால் அசைக்க முடியவில்லை.

காதுக்குள் மூன்று சின்ன மணி அடித்தது. மழை நின்றது.

தழும்பு கண்ணைத் திறந்து, மெஷினைக் கழற்றி, முந்தானையால் துடைத்துச் சொட்டையின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கி, காதில் பொருத்திக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஏதாவது வரும் என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை ஓர் ஆள் அளவு முன்னால் நகர்ந்தது. கதவோரத்திலிருந்து நெட்டையும் எழுந்து ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்தாள்.